ஊருக்குத் திரும்பி வாற கதையை ஊரூராக் கொண்டுபோய் ஆடுறது எப்பிடி

ஹற்றன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட ஹோல். எங்கட நடன நாடக ஷோவுக்கு முதல்நாள் பின்னேரம் முழுசா ஒருக்கா ஓடிப் பாத்துக்கொண்டு நிக்கிறம். எங்கட கதையில பிரதானமா ஆடுறவர் கனகாலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து படலையை, அதான் வேலி வாசல் கதவை, திறக்கிற இடம், ஒரு கையால கொக்கியைக் கழட்டி மற்றக் கையால படலையைத் தள்ளி ஒரு காலை உள்ளுக்கு வச்சிட்டு அப்பிடியே நிப்பார், கொழும்பு வெள்ளவத்தையில ஆடேக்க அந்த இடத்தில ஹோலே மூச்சு விடாது. லைட் தூக்க உதவிக்கு வந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒண்டு எனக்குப் பக்கத்தில வந்து மெதுவாக் கேட்டுது, "அக்கா, அவரு எதைத் தொறக்கிறாரு?"

லயம் எண்டா தோட்டத்து வரிசை வீடு, அதில எங்க படலை. நான் படலை எண்டா என்னெண்டு சொல்லிக் குடுத்தன், அந்தப் பிள்ளை கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொல்லிச்சுது, "எங்க மாமா தீவாளிக்கு கொழும்புல இருந்து வந்தா கீழ ரோட்டுல வரும்போதே தெரியும்க்கா, மேல இருந்து எல்லாரும் பாத்துட்டு இருப்பாங்க, எங்க காம்பரா கடைசி, எல்லா இஸ்தோப்பையும் தாண்டித்தான் வரணும், ஒவ்வொரு வாசல்லயும் நின்னு பேசிட்டு வர்றதுக்குள்ள அம்மா ஊத்துன தேத்தண்ணி ஆறிரும்."

காம்பரா எண்டா லயத்து அறை வீடு, இஸ்தோப்பு எண்டா அதின்ட முன்விறாந்தை. அண்டைக்கு இரவு படலைக் காட்சியை எடுத்திட்டம். ஏழு ஆட்டக்காரரை ஒரே வரிசையில வாசலுக்கு வாசல் நிப்பாட்டி, வாறவர் தோளில பையோட ஒவ்வொருத்தரையும் தாண்டிப் போற மாதிரி மாத்தினம், ஒவ்வொரு வாசலிலயும் ஒரு விசாரிப்பு, ஒரு தலை தடவல், பை ஒரு கையில இருந்து மற்றக் கைக்கு மாறும், கடைசியில தாய் ஒரு கோப்பையோட. அடுத்தநாள் ஷோவில மூண்டாவது வாசலிலயே சனம் சிரிக்கத் தொடங்கிட்டுது, அஞ்சாவதில பின்னால இருந்து ஆரோ ஒருத்தர் "இன்னும் ரெண்டு வூடு இருக்கு!" எண்டு கத்தினார், கோப்பைக்குக் கிட்டப் போகேக்க ஒரு சத்தமும் இல்லை.

ஊர் திரும்புறதைப் பத்தி, சின்ன ஊர் வாழ்க்கையைப் பத்தி ஒரு நடன நாடகம் செய்து கொழும்பில இருந்து வெளியில கொண்டு போகப்போறீங்கள் எண்டா நான் முதல் சொல்லுறது இதைத்தான், உங்கட ஆட்டத்தில ஒரு இடத்தை மூடாம விடுங்கோ. எங்கட ஆட்டம் ஒரு மணித்தியாலம், அதில 50 நிமிசம் கட்டினது, மிச்சம் 10 நிமிசம் போற ஊருக்கு. அந்த 10 நிமிசத்தை நிரப்ப ஊருக்கு ஒரு நாள் முந்திப் போகோணும், போய்ச் சனத்தோட இருக்கோணும். மிச்சம் எல்லாம், லைட், லொறி, காசு, கடிதம், எல்லாம் இதுக்குத் தோதாத்தான் திட்டம் போடோணும்.

ஏனெண்டா திரும்பி வாறது எண்டுறது ஒவ்வொரு ஊரிலயும் வேற வேற விசயம். யாழ்ப்பாணத்தில நல்லூர்க் கந்தசாமி கோயில் கொடி ஏறினா 25 நாளும் லண்டன், ரொறொன்ரோ ஆக்களால ஊர் நிரம்பும், அங்க திரும்பி வாறதெண்டா பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து தூசு தட்டி மூண்டு கிழமை இருந்திட்டுத் திருப்பிப் பூட்டுறது. வலிகாமம் வடக்கில அதே சொல்லுக்கு அர்த்தம் வேற, 1990இல எழும்பிப் போனவை கனபேர் இருபது இருபத்தஞ்சு வருசத்துக்குப் பிறகுதான் காணியைக் கண்டவை, சிலர் கிணத்தை வச்சுத்தான் இது எங்கட வளவு எண்டு பிடிச்சவை. மன்னார் முசலிப் பக்கம் போனீங்கள் எண்டா 1990 ஒக்டோபரில வடக்கில இருந்து வெளியேத்தின முஸ்லிம் ஆக்கள் புத்தளத்தில பிள்ளை பெத்து வளத்து, யுத்தம் முடிஞ்சாப் பிறகு திரும்பி வந்து காடு வெட்டின கதை, அங்க பேரப்பிள்ளைக்கு புத்தளம்தான் ஊர், மூத்தம்மாக்கு முசலிதான் ஊர், ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு ஊர். மட்டக்களப்பில திரும்பி வாறது கனக்க வீட்டில அம்மா, குவைத்தில சவூதியில வீட்டு வேலை செய்திட்டு வாறவ, பிள்ளை அவவை அடையாளம் பிடிக்க ரெண்டு நாள் எடுக்கும். மலையகத்தில கொழும்புக் கடையில வேலை செய்யுற பெடியன் தீபாவளிக்கு வாறது. இவ்வளவையும் ஒரே சூட்கேஸ், ஒரே கட்டிப்பிடிப்பு எண்டு ஆடினா ஆருக்கும் ஒட்டாது.

அதால ஆட்டத்தைக் கட்டேக்க துண்டு துண்டாக் கட்டுங்கோ. போறது, காத்திருக்கிறது, வாறது, வந்தாப் பிறகு. எங்களை மாதிரி ஆக்கள் "வாறது"க்குத்தான் உயிரைக் குடுக்கிறம், ஆனா நாலாவது துண்டில கிடக்கிற அளவு விசயம் வேற எதிலயும் இல்லை, வந்தவருக்கு எந்தக் கதிரை, அவர் இல்லாத நேரம் அரை அடி தள்ளி நட்ட வேலிக் கதியால், சந்திக் கடையில அவருக்கு இப்ப என்ன பட்டப்பேர், செத்த வீட்டுக்கு வராததை ஆர் இன்னும் மறக்கேல்லை. சின்ன ஊர் எண்டா எல்லாருக்கும் எல்லாம் தெரியும், அந்தப் பார்வைக்கு நடுவில ஒரு உடம்பு எப்பிடி நடக்கும் எண்டுறதுதான் நடனம். ரிகர்சலில பிள்ளையளை ஒரு கோட்டில நடக்க விட்டு மற்ற எல்லாரும் சும்மா பாத்துக்கொண்டு இருங்கோ, ஒண்டும் செய்ய வேண்டாம், பாத்தாக் காணும். முதுகு எப்பிடி மாறுது எண்டு காணுவீங்கள். எங்கட முக்கால்வாசி அசைவு அதில இருந்து வந்தது.

பரதம் படிச்ச பிள்ளையளோட வேலை செய்யிறவைக்கு ஒரு சொல். முத்திரையும் அடவும் கையில இருக்கிறது பெரிய சொத்து, ஆனா கிணத்தில தண்ணி அள்ளுறதை அபிநயத்தில படிச்ச மாதிரி செய்தா ஒரு நுனியில பாரம் கட்டின துலா மரத்தால கிணத்தில அள்ளின ஆக்களுக்கு உடன தெரியும். ஆடுற கையில பாரம் இல்லை. கயித்தை கீழ இழுக்கேக்கதான் பலம் வேணும், வாளி நிரம்பினாப் பிறகு துலாவின்ட மற்றப் பக்கப் பாரம் தூக்கித் தரும், அப்ப உடம்பு விட்டுக் குடுக்கும். கொழும்பில ஃபிளாட்டில வளந்த பிள்ளைக்கு இது எப்பிடித் தெரியும், ஒருக்கா ஒரு வாளி தண்ணியை நாலாம் மாடிக்குப் படியால தூக்க விடுங்கோ, பிறகு ஆட விடுங்கோ.

இந்த மாதிரி ஊரோட சேந்து செய்யிற வேலை எங்களுக்குப் புதுசில்லை. மட்டக்களப்பில ஒரு கூத்துப் பழகுறதைப் பாருங்கோ, சட்டம் எண்டுற பாட்டுக் கொப்பியைக் குடுத்து, கிழமைக்குக் கிழமை பழகுற கிழமைக் கூத்து ஆடி, சதங்கை அணிஞ்சு, அடுக்கு எண்டு முழுசா ஒத்திகை பாத்து, பிறகுதான் களரி எண்டுற ஆடுகளம் கட்டி அரங்கேற்றம், அதோட முடியிறதும் இல்லை, அரங்கேறினாப் பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுறது எண்டு ஒண்டு இருக்கு. அரங்கேற்றம் வரேக்க ஊர் முழுக்கப் பாட்டுத் தெரியும். 1960களில பேராசிரியர் வித்தியானந்தன் விடிய விடிய ஆடின கூத்தை ஒரு மாலைக்குள்ள அடங்கச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில மேடை ஏத்தினார், அந்த வழியால நாங்கள் எல்லாரும் நல்லாப் பயனடைஞ்சம். பிறகு மட்டக்களப்புச் சீலாமுனையில மூன்றாவது கண் எண்டுற குழு ஆக்கள் கூத்தர்களோடயே ஊருக்குள்ள இருந்து கூத்து மீளுருவாக்கம் எண்டு வேலை செய்திச்சினம், ஊரூராப் போய் ஆட விரும்புற குழு இந்த ரெண்டாவது வழியை வடிவாப் பாக்கோணும். கூத்துப் பழக்குற அண்ணாவியார் ஒருத்தரோட ரெண்டு நாள் இருந்து பாருங்கோ, என்ன சொல்லுறன் எண்டு விளங்கும்.

கூத்தில இருந்து எடுக்கிறதுக்கு இன்னொண்டும் இருக்கு, வட்டக்களரி, அதான் வட்டமான ஆடுகளம். நாலு பக்கமும் சனம். நீங்கள் கொழும்பு லயனல் வென்ட் அரங்கிலயோ வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கத்து சங்கரப்பிள்ளை மண்டபத்திலயோ ஆடுற மாதிரி முன்பக்கத்தை மட்டும் பாத்துக் கட்டினா ஊரில கஷ்டப்படுவீங்கள், பள்ளிக்கூட ஹோலில சின்னப் பிள்ளையள் ஸ்டேஜுக்குக் கீழ நிலத்தில, பெடியள் பக்கக் கதவில, கிழவியள் ஆகக் கிட்ட கதிரையைப் போட்டுக்கொண்டு. மூண்டு பக்கத்துக்கு எண்டு கட்டுங்கோ. ஸ்டேஜ் சரியில்லாட்டி நிலத்தில இறங்கி ஆடக்கூடியதா இருக்கோணும், எங்களுக்கு நல்லாப் போன ஷோ எல்லாம் நிலத்தில ஆடினதுதான்.

சரி, நிலம். இதில விடாதீங்கோ. ஊர் ஹோல் கனக்க சீமெந்துத் தரை, சிலதுக்கு மேல டைல்ஸ். கொழும்பில பலகைத் தரையில பாய்ஞ்சு பழகின பிள்ளை சீமெந்தில ரெண்டு ஷோ ஆடினா முழங்காலும் கெண்டைக்காலும் போகும், எங்கட முதல் சுற்றில ஒரு ஹோலில "பலகை மேடை" எண்டு போனில சொல்லிச்சினம், போய்ப் பாத்தா சீமெந்துக்கு மேல கார்ப்பெட், ஒரு பிள்ளைக்குக் கால் மடங்கி மிச்ச மூண்டு ஊரும் கதிரையில இருந்து பாத்தவ. அந்தப் பிள்ளை இருந்து அழுதது இண்டைக்கும் எனக்கு நோகுது. அதுக்குப் பிறகு நாங்களே தரை கொண்டு போறம். 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட், 12 மில்லிமீற்றர், 24 அடிக்கு 16 அடி தரைக்கு 12 பலகை காணும். கீழ பழைய யோகா மெத்தை இல்லாட்டி ரப்பர் ஷீட், மூட்டுக்கு அகலமான டேப், விளிம்பு எல்லாம் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்ச்சு விடுங்கோ, வெறுங்காலில சிராய் ஏறினா அண்டைக்கு ஆட்டம் முடிஞ்சுது. 12 பலகையும் லைட்டும் உடுப்பும் பட்டா எண்டுற ஒரு சின்ன லொறியில போகும், ஆக்கள் தனிய வானில.

லைட் விசயம் சுருக்கமா. ஒரு சாதாரண சிங்கிள் பேஸ் 30 அம்பியர் லைனில ஏறக்குறைய 6.9 கிலோவாட்தான் எடுக்கலாம். பழைய ஆயிரம் வாட் ஹலஜன் எட்டைப் போட்டா ஹோலே இருட்டு. எல்ஈடி பார் (PAR) லைட் 12 கொண்டு போங்கோ, ரெண்டு கிலோவாட் கிட்டத்தான் வரும், சவுண்டுக்கும் ஃபேனுக்கும் மிச்சம் இருக்கும். ஹோல் எலக்ட்ரீசியனை முதலே போனில பிடிச்சுக் கதையுங்கோ, கரண்ட் நிண்டா எண்டு ஒரு சின்ன ஜெனரேட்டர், அதை ஹோலுக்கு வெளியில தூர வையுங்கோ. அப்பிடியும் லைட் போனா என்ன செய்யிறது எண்டு பழகி வையுங்கோ, எங்கட ஆட்டத்தில ஒரு பெற்றோல்மக்ஸ் வரும், அது நாடகத்துக்காக வச்சதுதான், ரெண்டு தடவை உண்மையாவே கை குடுத்தது.

எப்ப போறது எண்டது மழையைப் பாத்து. ஒக்டோபரில இருந்து ஜனவரி வரை வடக்கு கிழக்கு வேண்டாம், மே மாசத்தில இருந்து மலையகமும் கொழும்பும் நனையும், ரெண்டுக்கும் பொதுவான நல்ல காலம் பெப்ரவரி, மார்ச். ஓ.எல் (சாதாரண தரம்), ஏ.எல் (உயர் தரம்) சோதினைத் திகதியை முதலே பாருங்கோ, சோதினை நேரம் பள்ளிக்கூட ஹோலும் கிடையாது தாய்மாரும் வரமாட்டினம். ஊர்க் கோயில் திருவிழாவோட மோத வேண்டாம், மலையகத்தில மாசி மாசம், காமன் ரதி கதையை ஆடுற காமன் கூத்து நடக்கிற இடமெண்டா அந்தக் கிழமை நீங்கள் பாக்கிற ஆக்களாப் போங்கோ. தோட்டத்தில ஞாயிற்றுக்கிழமை, முஸ்லிம் ஊரில வெள்ளியைத் தவிர்த்து, பொழுதுபட்டுத் தொழுற மஃரிப் தொழுகைக்குப் பிறகு. தொடங்குற நேரத்தைக் கொழும்பில இருந்து முடிவெடுக்காதீங்கோ, கடைசி பஸ் எத்தனை மணிக்கு எண்டு கேட்டுட்டு அதுக்கு இருபது நிமிசம் முந்தி முடியிற மாதிரி பின்னால இருந்து எண்ணுங்கோ, வன்னியிலயும் மட்டக்களப்புப் படுவான்கரையிலயும் ஆனை வாற பாதை எண்டா நாலரைக்கே தொடங்குங்கோ. எங்களுக்கு நாலரை வெயிலில லைட் எடுபடேல்லை எண்டு ஒருக்கா மனவருத்தமா இருந்தது, ஆனா சனம் வெளிச்சத்தோட வீட்டுக்குப் போச்சுது.

கடிதங்கள். பொது இடத்தில நாடகம் போட 1912ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டின்படி அதுக்கெண்டு இருக்கிற சபைக்கு ஸ்கிரிப்ட் குடுத்து அனுமதி எடுக்கோணும், வசனம் இல்லாத ஆட்டமெண்டாலும் காட்சிக்குக் காட்சி என்ன நடக்குது எண்டு எழுதிக் குடுங்கோ, திறந்து விட்ட 10 நிமிசத்தையும் பொதுவா எழுதுங்கோ. டிக்கெட் விக்கிறதெண்டா அந்தந்த மாநகர சபை, பிரதேச சபையில கேளிக்கை வரி கேட்டு வையுங்கோ. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி, 2007இல உயர் நீதிமன்றம் சொன்னதில இருந்து இரவு 10 மணிக்குப் பிறகு பொதுவாக் கிடையாது. எல்லாத்தையும் தமிழிலயும் சிங்களத்திலயும் ரெண்டு ரெண்டு பிரதி, ஒரு ஃபைலில, அந்த ஃபைல் லொறியில போகக் கூடாது, உங்கட கையில.

ஊரில ஆரைப் பிடிக்கிறது? கொழும்பில இருந்து பேஸ்புக்கில போஸ்டர் போட்டா கொழும்பு ஆக்கள்தான் லைக் போடுவினம். சனசமூக நிலையம், மாதர் சங்கம், கோயில் சபை, பள்ளிவாசல் நிர்வாகம், அதிபர், கிராம சேவகர், இவையில ஒருத்தர் "எங்கட நிகழ்ச்சி" எண்டு சொல்லோணும். அவைக்கு மரியாதையா நேரில போய்ச் சொல்லுங்கோ, இருந்து தேத்தண்ணி குடிச்சு, ஆட்டத்தில என்ன வரும் எண்டு ஒளிக்காமச் சொல்லுங்கோ. பிறகு ஓட்டோவில மைக் கட்டி அறிவிப்பு, கடைச் சுவரில நோட்டீஸ், ஊர் வட்ஸ்அப் குரூப். இவையில ஒரு அமைப்புக்கும் இன்னொண்டுக்கும் ஒத்துவராது எண்டா ரெண்டு பேரையும் தனித்தனியாப் போய்ச் சந்தியுங்கோ, ஆரின்ட பக்கமும் சேராதீங்கோ.

மேளகாரரைப் பத்தி நான் கண்டிப்பாச் சொல்லோணும். பறை மேளமோ தப்பு மேளமோ உங்கட ஆட்டத்தில வந்தா அந்த ஊரில அடிக்கிறவரைக் கூப்பிடுங்கோ, அவரோட ஒரு நாள் பழகுங்கோ, கொழும்பில இருந்து வந்த மிருதங்கக்காரருக்கு என்ன காசோ அதே காசு, அதே மேசையில சாப்பாடு, நோட்டீஸில அதே சைஸில பேர். இதில குறைச்சல் செய்யிற குழு சின்ன ஊர் வாழ்க்கையைப் பத்தி ஆடக் கூடாது எண்டுறது என்ட முடிவு, இதில நான் ஆரோடயும் பேரம் பேசமாட்டன்.

காசுக்கணக்கை ஆள்-நாளாப் போடுங்கோ. 14 பேர், 5 நாள் எண்டா 70 ஆள்-நாள், 210 சாப்பாடு. சாப்பாட்டை ஊர் மாதர் சங்கத்துக்குக் காசு குடுத்துச் சமைப்பிச்சா கடையை விட நல்லா இருக்கும், காசும் அந்த ஊருக்குள்ள நிக்கும், சமைக்கிற இடத்தில கதையும் கிடைக்கும். கொழும்பு ஷோவுக்கு மட்டும் டிக்கெட் வையுங்கோ, பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம் ஒரு இரவு நிரம்பினா ரெண்டு ஊருக்கு டீசல் அடிக்கலாம், ஊரில இலவசம். யாழ்ப்பாணம் கொழும்பில இருந்து 400 கிலோமீற்றர் கிட்ட, இரவு பஸ்ஸில ஏறி விடிய இறங்கி அண்டைக்கே ஆடலாம் எண்டு நினைக்காதீங்கோ. பிள்ளையளின்ட தாய் தகப்பனுக்கு ஒவ்வொரு இரவும் எங்க படுக்கினம் எண்டு போன் எடுத்துச் சொல்லுங்கோ.

இனி ஆகக் கவனமாச் செய்ய வேண்டியது. சில ஊரில திரும்பி வராத ஆக்கள் இருக்கினம். கிளிநொச்சியில 2017 பெப்ரவரியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ட தாய்மார் ரோட்டோரத்தில இருந்து போராடத் தொடங்கினவை, அப்பிடி ஒரு தாய் முன் வரிசையில இருக்கேக்க மகன் ஓடி வந்து கட்டிப்பிடிக்கிற காட்சியை எங்கட பாட்டுக்கு ஆடிட்டு வர ஏலாது. நாங்கள் அங்க போகேக்க முதலே தாய்மார் சிலரோட இருந்து கதைச்சு, இந்தக் காட்சி இருக்கட்டோ எடுக்கட்டோ எண்டு கேட்டம். ஒரு அம்மா "எடுக்காத பிள்ளை, வாறவன் வரட்டும், ஆனா எல்லாரும் வந்தமாதிரி முடிச்சுப்போடாத" எண்டா. கடைசியில ஒரு சாப்பாட்டுக் கோப்பையை மூடி வச்சு அதில லைட்டை எரிய விட்டம். குண்டுச் சத்தம், ஷெல் சத்தம் ஸ்பீக்கரில போடாதீங்கோ, எந்த ஊரிலயும். ஆராவது அழுதா கமரா அந்தப் பக்கம் திரும்பக் கூடாது, இதை வீடியோ எடுக்கிற தம்பிக்கு முதல்நாளே சொல்லி வையுங்கோ.

ஷோ முடிஞ்சோண்ண உடன லொறியில ஏத்தாதீங்கோ. ஒரு அரை மணித்தியாலம் ஆட்டக்காரர் வேர்வையோட வந்து சனத்துக்கு நடுவில இருக்கட்டும். "எப்பிடி இருந்தது" எண்டு கேட்டா "நல்லம் நல்லம்" எண்டுதான் சொல்லுவினம், "எது பிழை" எண்டு கேளுங்கோ, அப்பதான் எழும்பி நிண்டு நடந்து காட்டுவினம், மண்வெட்டி பிடிச்சுக் காட்டுவினம். அதை ஒருத்தர் கொப்பியில எழுதோணும், அடுத்த ஊருக்குப் போற வழியில வானுக்குள்ள வாசியுங்கோ.

போகேக்க ஹோலைக் கூட்டிக் குடுத்து, திறப்பைத் தந்தவரின்ட கையிலயே திறப்பைக் குடுங்கோ. கொழும்பில கடைசி ஷோ போடேக்க ஊரில படிச்ச துண்டுகளையும் சேருங்கோ, நாங்கள் வெள்ளவத்தையில அந்த ஏழு வாசலையும் ஆடினம், நோட்டீஸில அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு, வீட்டில கேட்டு, அசைவு சொல்லித் தந்தவ எண்டு பேர் போட்டம். வீடியோவைப் பென்ட்ரைவில போட்டு நோட்டீஸோட பள்ளிக்கூடத்துக்கு ரெஜிஸ்டர் தபாலில அனுப்புங்கோ, வட்ஸ்அப்பில விட்டா அங்க சிக்னலும் குறைவு, டேட்டாக் காசும் அவையின்ட தலையில.